ரோஷ்ஃபோரில் சந்திப்பது அதிசயமில்லை, தவறவிடுவதுதான் அதிசயம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ழாக் டெமி 1967-ல் எடுத்த 'ரோஷ்ஃபோரின் இளம்பெண்கள்' படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பாட்டும் நிறமும் பிடித்திருக்கின்றன. ஆனால் ஒரே ஊரில், ஒரே சதுக்கத்தைச் சுற்றித் திரியும் மூன்று ஜோடிகள் இரண்டு மணி நேரம் நூலிழையில் தவறிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்துவிடுவது உங்களை உறுத்துகிறது. 'இது தற்செயலைப் பற்றிய படமா, விதியைப் பற்றியதா, இல்லை முடிக்கத் தெரியாமல் முடித்த படமா? தமிழில் ஒருவர் இப்படி எடுத்தால் லாஜிக் எங்கே என்று கிழித்திருப்போம், பிரெஞ்சுக்காரர் எடுத்தால் மட்டும் கலையா?' என்பது கேள்வி. கோபம் கலந்த கேள்விதான், ஆனால் நியாயமானது. விதியா தற்செயலா என்பது அதன் மேல்தோல். உள்ளே இருப்பது வேறு: ஒரு கதை தற்செயலை எவ்வளவு தூரம் கடன் வாங்கலாம், எந்த இடத்தில் அது பார்வையாளனை ஏமாற்றுவதாகிறது?

நான் படத்தொகுப்பில் பல வருடம் இருந்தவன், இப்போது எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் படத்தை வகுப்பில் அடிக்கடி போட்டுக் காட்டுவதுண்டு. அதனால் கதாபாத்திரம் எப்போது எந்த வாசலில் நுழைந்தது, யாருக்கு எந்தத் தகவல் எப்போது கிடைத்தது என்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். என் பிரெஞ்சு அரைகுறை. இரவு விருந்துக் காட்சியில் எல்லோரும் எதுகை சேர்ந்த பன்னிரண்டு அசைச் செய்யுளில் பேசிக்கொள்கிறார்கள், பிரெஞ்சு நாடக மேடையின் பழைய யாப்பு அது. அந்த விளையாட்டை நான் சப்டைட்டில் வழியாகத்தான் ரசிக்கிறேன். வசனத்தின் நயம் பற்றி என்னிடம் தீர்ப்பு எதிர்பார்க்க வேண்டாம்.

படம் பார்க்காமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ரோஷ்ஃபோர் பிரான்சின் மேற்குக் கரையோரம் உள்ள சிறிய கடற்படை நகரம். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1666-ல் கப்பல் கட்டும் தளமாக நிறுவியது. நேர்நேரான தெருக்கள், நடுவில் கோல்பேர் சதுக்கம். ஒரு வெள்ளிக்கிழமை கண்காட்சி போடும் கலைஞர்களின் லாரிகள் வந்து இறங்குகின்றன, திங்கட்கிழமை கிளம்பிப் போகின்றன. அதற்கு இடைப்பட்ட நாட்களில்தான் மொத்தப் படமும். டெல்ஃபினும் சொலாஞ்ஜும் இரட்டையர். ஒருத்தி பாலே சொல்லிக்கொடுக்கிறாள், இன்னொருத்தி இசை. இருவருக்கும் பாரிஸ் போக ஆசை. நடித்தவர்கள் கத்ரீன் டெனவும் ஃப்ரான்சுவாஸ் டோர்லியாக்கும், இரட்டையர் இல்லையே தவிர நிஜமாகவே அக்கா தங்கை. அவர்களுடைய அம்மா இவோன், சதுக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த கஃபே நடத்துகிறாள். மக்ஸான்ஸ் கடற்படையில் கட்டாய சேவை முடியும் தறுவாயில் இருக்கும் இளைஞன், ஓவியன். தன் கனவுப் பெண்ணை மனத்திலிருந்தே வரைந்திருக்கிறான், அந்த முகம் அச்சு அசல் டெல்ஃபினின் முகம். சிமோன் தாம் என்பவர் ஊரில் புதிதாக இசைக்கருவிக் கடை போட்டிருக்கிறார். பத்து வருடம் முன்பு தன்னை விட்டுப் போன காதலியை நினைத்தபடி அவளைச் சந்தித்த ஊருக்கே திரும்பி வந்தவர். அந்தக் காதலி இவோன்தான். சிமோனின் பழைய நண்பன் ஆண்டி மில்லர், அமெரிக்க இசையமைப்பாளன், நடித்தவர் ஜீன் கெல்லி. அவனும் சொலாஞ்ஜும் தெருவில் தற்செயலாக மோதிக்கொள்கிறார்கள், அவளுடைய இசைக் குறிப்புத் தாள் ஒன்று அவன் கையில் தங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருவோம். இத்தனை பேரும் கடைசியில் சந்திப்பது நம்ப முடியாததாகத் தோன்றுகிறது என்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன ஊர், ஒரு சதுக்கம், அதில் எல்லோரும் வந்துபோகும் ஒரு கஃபே, கூட்டம் கூட்டுகிற ஒரு கண்காட்சி. மக்ஸான்ஸ் அந்தக் கஃபேயின் வாடிக்கைக்காரன். டெல்ஃபின் அதே கஃபேக்காரியின் மகள். சிமோனின் கடைக்கு இவோனின் மகள் வந்துபோகிறாள். ஒரே கடைத்தெரு உள்ள ஊரில் கடன் கொடுத்தவன் கண்ணில் படாமல் தப்பிப்பது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் இவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது. நிகழ்தகவு சந்திப்பின் பக்கம்தான் இருக்கிறது. ஆக, டெமி நம்மிடம் நம்பச் சொல்லும் பெரிய அதிசயம் இறுதியில் இல்லை, முதல் முக்கால்வாசிப் படத்தில் இருக்கிறது. அதை நாம் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. தடுக்கும் தற்செயலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டு, உதவும் தற்செயலை மட்டும் நிறுத்திவைத்து விசாரிக்கிறோம். திரைக்கதை வகுப்புகளில் இதையே ஒரு விதியாகச் சொல்வார்கள்: தற்செயல் நாயகனைச் சிக்கலில் மாட்டிவிடலாம், அதிலிருந்து காப்பாற்றக் கூடாது. டெமி அந்த விதியை மீறவில்லை, அதை எல்லை வரை நீட்டிப் பார்க்கிறார் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கே சொந்தமான ஒரு பழைய வரையறை உதவும். அந்துவான் ஒகுஸ்தேன் கூர்னோ என்ற கணித அறிஞர் நிகழ்தகவு பற்றி 1843-ல் ஒரு நூல் எழுதினார். காரணமே இல்லாமல் நடப்பதைத் தற்செயல் என்று அவர் சொல்லவில்லை. தனித்தனியே தத்தம் காரணங்களோடு போய்க்கொண்டிருக்கும் இரண்டு நிகழ்வுத் தொடர்கள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்வதுதான் தற்செயல் என்றார். அவர் தரும் உதாரணம் கொஞ்சம் இருட்டானது. ஒரே படைப்பிரிவில் இருக்கும் இரண்டு சகோதரர்கள் ஒரே போரில் இறந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஒருவன் வடக்கு எல்லையிலும் மற்றவன் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் இருந்து, ஒரே நாளில் இறந்தால்தான் தற்செயல். இதை ரோஷ்ஃபோருக்குப் பொருத்திப் பாருங்கள். இந்தப் படத்து மனிதர்கள் ஒரே படைப்பிரிவில் இருப்பவர்கள். அவர்களுடைய தொடர்கள் சுதந்திரமானவையே இல்லை. கஃபே, குடும்பம், இசைக்கடை, ஓவியக் காட்சிக்கூடம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கூர்னோவின் கணக்குப்படி இவர்கள் சேர்வதில் தற்செயலின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அப்படியானால் இவர்களைப் பிரித்துவைப்பது எது? இதைத்தான் வகுப்பில் மாணவர்களைத் துருவச் சொல்வேன். ஒவ்வொரு தவறிப்போன சந்திப்பையும் எடுத்து, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பார்த்தால் விதியின் பெயரில் உள்ள வழக்குகள் மளமளவென்று தள்ளுபடியாகும். இவோனையும் சிமோனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அவரை விட்டுப் போனதற்கு ஒரே காரணம், அவருடைய குடும்பப் பெயர் 'தாம்'. கல்யாணம் செய்துகொண்டால் அவள் 'மதாம் தாம்', 'திருமதி அம்மணி' என்பது மாதிரி, ஆகிவிடுவாள், ஊர் சிரிக்கும். இவ்வளவுதான். இதற்காக, பணக்காரர் ஒருவரோடு மெக்சிகோ போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போனாள், அதுவும் அவருடைய குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு. அந்தப் பொய்தான் பத்து வருடமாக அவர்களுக்கு நடுவில் கடலை நிறுத்திவைத்திருக்கிறது. அவள் இருப்பது அதே ஊரில், நடந்துபோகும் தூரத்தில். சிமோன் தன் பழைய காதலை உருகி உருகிச் சொல்வது யாரிடம்? சொலாஞ்ஜிடம், அதாவது அந்தக் காதலியின் மகளிடமே. அவளுக்கு இரட்டைப் பெண்கள் உண்டு என்று சிமோனுக்குத் தெரியும், ஆனால் அவர்களைப் பார்த்ததில்லை. ஒருவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் அங்கேயே படம் முடிந்திருக்கும். பெரிய நட்சத்திரங்கள் கூடிச் சதி செய்தது எதுவும் இல்லை. வெட்கம், ஒரு பொய், கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

டெல்ஃபின் விஷயம் இன்னும் தெளிவு. அவள் தன் முகத்தை ஓவியத்தில் பார்ப்பது கியோம் லான்சியானின் காட்சிக்கூடத்தில். லான்சியான் அவளைக் காதலிப்பவன், அவள் அவனை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறாள். யார் வரைந்தது என்று கேட்கிறாள். வரைந்தவன் பாரிஸ் போய்விட்டான் என்கிறான் லான்சியான். கலப்படமில்லாத பொய். மக்ஸான்ஸ் அப்போது அதே ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறான். இதில் டெமி வைத்த குறும்பு ஒன்றைக் கவனித்தீர்களா? லான்சியான் ஓவியம் செய்யும் முறை, சாயப் பைகளைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியால் சுடுவது. சாயம் எப்படிச் சிதறுகிறதோ அதுதான் படம். தற்செயலைக் கொண்டு கலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரே ஆள், நிஜ வாழ்வில் தற்செயல் வேலை செய்யவிடாமல் குறுக்கே படுக்கும் ஆளாகவும் இருக்கிறான். இன்னொரு பக்கம் மனத்திலிருந்து அங்குலம் அங்குலமாக வரைந்தவனுடைய ஓவியம் உயிருள்ள ஒருத்தியின் முகமாக வந்து நிற்கிறது. அறுபதுகளின் நவீன ஓவியத்தைக் கிண்டல் செய்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது அதைவிடக் கூர்மையாகப் படுகிறது. ஆனால் இது என் வாசிப்பு, டெமியின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொலாஞ்ஜ், ஆண்டி ஜோடிதான் மூன்றில் விசித்திரமானது. அவர்கள் தெருவில் மோதிக்கொள்வது சுத்தமான தற்செயல். அவள் தம்பி புபுவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகிறாள், ஆண்டி தன் நண்பனைப் பார்க்க வந்திருக்கிறான். கூர்னோவே ஒப்புக்கொள்வார். ஆனால் அதே நேரத்தில் சிமோன், சொலாஞ்ஜின் இசையை ஆண்டி மில்லரிடம் அறிமுகப்படுத்துகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆக இவர்கள் தெருவில் மோதவே இல்லை என்றாலும், ஒரு சிபாரிசின் வழியாக, மிக சாதாரணமாக, ஏதோ ஒரு அறையில் கைகுலுக்கியிருப்பார்கள். தற்செயல் இங்கே செய்தது ஒன்றுதான்: பெயர் தெரியாமலே காதலிக்க வைத்தது. அதன் பிறகு இருவரும் தாங்கள் தேடும் ஆளும் தங்களுக்கு அறிமுகமாகப்போகும் ஆளும் ஒருவரே என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். உங்கள் 'விதியா தற்செயலா' கேள்விக்குப் படத்திலேயே நேரடியான பதில் எங்காவது இருக்கிறது என்றால் இங்கேதான். இரண்டு பாதையும் ஒரே இசைக்கடைக்குத்தான் போகின்றன. அந்த வெள்ளைக் கடைக்குள் அவர்கள் ஆடும் நடனத்தைப் பார்க்கும்போது எந்தப் பாதையில் வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

விதி என்ற சொல்லைப் படம் வாயளவில் பயன்படுத்துவதில்லையா என்று கேட்டால், பயன்படுத்துகிறது, ஆனால் விளையாட்டாக. இரட்டையரின் புகழ்பெற்ற அறிமுகப் பாட்டே தாங்கள் மிதுன ராசியில் பிறந்தவர்கள் என்றுதான் தொடங்குகிறது. இரட்டையருக்கு மிதுன ராசி! ஜாதகம் தெரிந்த நமக்கு அந்த நகைச்சுவை யாரும் விளக்காமலே புரியும். மிஷேல் லெக்ரானின் இசையில் அந்தப் பாட்டு துள்ளுகிற துள்ளலில் ஜோதிடம் ஒரு தொப்பி மாதிரி தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பாரமாக இல்லை.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். தவறிப்போகும் சந்திப்பை இரண்டு விதமாகக் காட்டலாம். ஒன்று, அவனைத் தனியாக, அவளைத் தனியாக எடுத்து இன்டர்கட் செய்வது, அதாவது மாற்றி மாற்றிக் காட்டுவது. இதில் பார்வையாளன் மனத்தின் ஓரத்தில் எடிட்டரைச் சந்தேகிப்பான். 'இவன் இந்த நேரத்தில்தான் வெளியே போனான் என்று நீ சொல்கிறாய், எனக்கு என்ன சாட்சி?' இன்னொன்று, இடத்தையே சாட்சியாக்குவது. டெமி அகலத்திரையில் எடுத்தார், ஒளிப்பதிவு கிஸ்லேன் க்ளோகே. சதுக்கத்தில் நடனம் நடந்துகொண்டிருக்கும்போதே கேமரா கிரேனில் எழும்பி இரட்டையரின் ஜன்னலுக்குப் போகிறது. அந்த ஒரு அசைவில் தெருவும் வீடும் எவ்வளவு பக்கம் என்று நம் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கஃபேயின் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே போவோர் வருவோர் தெரிந்துகொண்டே இருக்கிறார்கள். ஊரின் சுவர்களுக்கும் ஜன்னல் கதவுகளுக்கும் வெளிர் நிறங்களில் வண்ணம் அடித்தது வெறும் அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எடிட்டராக எனக்கு அதில் வேறொரு லாபம் தெரிகிறது. நிறம் நமக்கு ஊரின் வரைபடத்தைக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எது எங்கே இருக்கிறது என்று நமக்குப் பழகிவிடுகிறது. அதன் பிறகு மக்ஸான்ஸ் கஃபேயை விட்டு வெளியேறிய சில நொடிகளில் டெல்ஃபின் உள்ளே வரும்போது நாம் எடிட்டரைத் திட்டுவதில்லை, திரையைப் பார்த்து 'டேய், திரும்பிப் பாருடா' என்கிறோம்.

நமக்கு எல்லாம் தெரியும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்த இடைவெளியைத்தான் படம் முழுக்க டெமி நிர்வகிக்கிறார். விதி என்று நாம் உணர்வது உண்மையில் நம்முடைய அந்தக் கூடுதல் அறிவுதான் என்று நினைக்கிறேன். மேலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஏற்கெனவே முடிவானது போலத் தெரியும். தெருவில் நடப்பவனுக்கு அது வெறும் திங்கட்கிழமை.

முடிவைப் பற்றி ஒரு வாதம் அடிக்கடி எழும், உங்கள் பதிவின் கீழேயும் ஒருவர் எழுப்பியிருந்தார்: மக்ஸான்ஸும் டெல்ஃபினும் சந்திப்பதாகப் படத்தில் எங்கே இருக்கிறது? திரையில் இருப்பது இவ்வளவு. டெல்ஃபின் கண்காட்சிக் கலைஞர்களின் வண்டியில் பாரிஸ் கிளம்புகிறாள். மக்ஸான்ஸ் சாலையோரம் கை காட்டுகிறான், அந்த வரிசையில் ஒரு வண்டி நின்று அவனை ஏற்றிக்கொள்கிறது, வண்டிகள் போகின்றன. அவர்கள் கண்கள் சந்திக்கும் ஷாட் கிடையாது. இதுவரை உறுதி. இதற்கு மேல் சொல்வது ஊகம், ஆனால் பலவீனமான ஊகம் இல்லை. பாரிஸ் நானூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எங்காவது நிறுத்துவார்கள், சாப்பிடுவார்கள். இறங்கியதும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். இவர்கள் சந்திக்கவில்லை என்று வாதாடுபவர்தான் அது எப்படிச் சாத்தியம் என்று விளக்க வேண்டும். அந்த ஷாட்டை டெமி ஏன் எடுக்கவில்லை? உதவும் தற்செயலைத் திரையில் காட்டினால் நீங்கள் இப்போது கேட்கும் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். காட்டாமல் விட்டால் அந்தச் சந்திப்பை நாமே மனத்துக்குள் நடத்திவைத்துக்கொள்கிறோம், நாமே நடத்தியதில் நாம் லாஜிக் பார்ப்பதில்லை. எடிட்டிங்கில் இதைவிடச் சாமர்த்தியமான வெட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

படம் எல்லா இடத்திலும் நேர்மையாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கண்காட்சிக் கலைஞர்களான எத்தியேன், பில் இருவருடைய நடனக்காரிகள் இருவரும் சரியாக நிகழ்ச்சிக்கு முன்னால் மாலுமிகளோடு ஓடிப்போவதும், உடனே இரட்டையர் கையில் பாரிஸ் பயணம் வந்து விழுவதும் சௌகரியத்துக்காகச் செய்தது. ஆண்டியும் சிமோனும் பழைய நண்பர்கள் என்பதும் அப்படியே. ஆனால் கவனியுங்கள், இந்தச் சௌகரியங்களைப் படத்தின் முற்பாதியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறார். கடைசியில் புதிதாக ஒன்றையும் இறக்குமதி செய்யவில்லை. இவோனும் சிமோனும் சேர்வதற்குத் தேவைப்படுவது ஒரு பெயர் அவள் காதில் விழுவதுதான். எந்தப் பெயருக்காக ஓடினாளோ அதே பெயர். தமிழ்ப் படமோ தெலுங்குப் படமோ, நம் கோபம் வரவேண்டியது கடைசி ரீலில் வானத்திலிருந்து இறங்கும் உதவி மீதுதான். முதல் ரீலிலேயே தரையில் நட்டுவைத்தது முளைத்தால் அதை லாஜிக் மீறல் என்று சொல்வது நியாயமில்லை. இந்த அளவுகோலை நம் படங்களுக்கும் வைத்துப் பாருங்கள், சில படங்கள் தப்பிக்கும், பல மாட்டும். நாட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை.

இது இனிப்பான படம், அதனால் கனமில்லை என்பவர்களிடம் நான் காட்டும் ஆதாரம் அந்தக் கிழவர், துய்த்ரூஸ். கஃபேயில் தினமும் உட்கார்ந்திருக்கும், யாருக்கும் கெடுதல் நினைக்காத பெரியவர். செய்தித்தாளில் ஒரு கொலைச் செய்தி வருகிறது, லோலா லோலா என்ற பழைய நடனக்காரி துண்டுதுண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தாள் என்று. செய்தவர் இவர்தான். பாட்டுகளுக்கு நடுவில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது படம். எல்லோரையும் ஒரே சதுக்கத்துக்குக் கொண்டுவரும் அதே ஏற்பாடு கொலைகாரரையும் இரட்டையரின் விருந்து மேசையில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. அருகில் இருப்பது நல்லதற்கு என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதே டெமி மூன்று வருடம் முன்பு, கேன்ஸில் உச்சப் பரிசை வென்ற 'ஷெர்பூர் குடைகள்' படத்தில், காதலர்களைப் பனி பெய்யும் இரவில் ஒரு பெட்ரோல் பங்கில் சந்திக்கவைத்து, இரண்டு வார்த்தை பேசவைத்து, பிரித்து அனுப்பினார். அதற்கும் முன்னால் 1963-ல் நீஸ் நகரச் சூதாட்ட மேசையை வைத்து 'தேவதைகள் விரிகுடா' எடுத்தார், அதில் தற்செயல் சக்கரம் சுற்றி நிற்கும் ஒரு எண். காதலுக்கு விதி துணை நிற்கும் என்பது அவருடைய நம்பிக்கை என்று இந்த மூன்றையும் பார்த்த பிறகு யாரும் சொல்ல முடியாது. ஒரு முறை, ஒரு ஊரில், அப்படி நடக்கட்டுமே என்று அனுமதித்தார்.

டோர்லியாக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேசுபவர்கள் குறைவு. படம் வெளியாகி மூன்று மாதம் கழித்து, 1967 ஜூன் 26 அன்று, நீஸ் அருகே கார் விபத்தில் இறந்தார், வயது 25. இது தெரிந்த பிறகு படத்தின் ஒவ்வொரு சிரிப்பும் வேறு மாதிரி கேட்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் துயரத்தைப் படத்துக்குள் முன்பே எழுதிவைக்கப்பட்டதாகப் படிப்பதை நான் ஏற்பதில்லை. படம் எடுத்தபோது அது யாருக்கும் தெரியாது. பின்னால் வந்தவர்கள் நாம் மேலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கேள்வியின் கடைசி வரியில் 'பட்டாம்பூச்சி விளைவு' என்று ஒரு சொல் போட்டிருந்தீர்கள். அதற்குச் சரியான படம் இது இல்லை, லோரன் ஃபிரோத் 2000-ல் எடுத்த 'பட்டாம்பூச்சியின் சிறகடிப்பு'. ஓத்ரே தோதூவும், ராய் என்ற அல்ஜீரிய இசைவகையின் பாடகர் ஃபோதெலும் நடித்தது. காலையில் பாரிஸ் மெட்ரோவில் ஒரே தேதியில் பிறந்த இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல் பிரிகிறார்கள், அவளுக்கு இன்று காதலனைச் சந்திப்பாய் என்று ராசிபலன் சொல்கிறது, நாள் முழுக்கப் பலருடைய சின்னச் சின்னச் செயல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போய் இரவில் சேர்க்கின்றன. ஜாலியான படம், ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் அதில் மனிதர்கள் சங்கிலியின் கண்ணிகள். அடுத்த கண்ணியை இழுப்பதுதான் அவர்கள் வேலை. வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1972-ல் பிரேசிலில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி வருமா என்று கேட்டது ஒரு கேள்வியாகத்தான். எந்தச் சிறகடிப்பு எந்தப் புயலைக் கொண்டுவந்தது என்று யாரும் பின்னோக்கிப் போய்ச் சொல்ல முடியாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம், அதனால்தான் நீண்டகால வானிலைக் கணிப்பு கைக்கெட்டாமல் போகிறது. சினிமா அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியையும் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. பார்க்க சுவாரசியம், அறிவியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் மாக்ஸ் ஓஃபுல்ஸ் 1953-ல் எடுத்த 'மதாம் த...', டெமி ஆராதித்த இயக்குநர் அவர். ஒரு ஜோடிக் கம்மல் கைமாறிக் கைமாறி உரியவளிடமே திரும்பத் திரும்ப வந்து சேரும் கதை. நாயகி டானியல் டாரியூ, ரோஷ்ஃபோரில் இவோனாக வந்து, அந்தக் கூட்டத்திலேயே தன் சொந்தக் குரலில் பாடிய ஒரே முக்கிய நடிகை. டெமியின் மனைவி ஆன்யஸ் வர்தா 1993-ல் எடுத்த ஆவணப்படமும் உண்டு, படப்பிடிப்புக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து ரோஷ்ஃபோருக்குத் திரும்பிப் போய் எடுத்தது. கடைசியாக எரிக் ரோமேரின் 'குளிர்காலக் கதை', 1992. ஒருத்தி காதலனிடம் தன் முகவரியில் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு ஐந்து வருடம் அவனை இழக்கிறாள். அந்தப் படத்தில் தற்செயல் ஒரே ஒரு முறைதான் உதவிக்கு வருகிறது, ஒரு பேருந்தில். அதைப் பார்த்துவிட்டு, ரோமேர் அந்தப் பேருந்துக்கு எவ்வளவு நேரம் முன்பிருந்தே நம்மைத் தயார்செய்கிறார் என்று கணக்கெடுத்து எழுதுங்கள், அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.